காரின் பின்கண்ணாடிக்கு மோட்டார் திரை: நாமே பொருத்திக்கொள்ள முழு வழிகாட்டி

திருநெல்வேலியிலிருந்து காலையில் தென்காசி ரோட்டில் கார் எடுத்துப் போனால் வெயில் டிரைவர் முகத்தில் விழாது. பின்கண்ணாடி வழியாக உள்ளே வந்து, பின்சீட்டில் இருக்கும் ஆச்சியின் பிடரியிலும் பிள்ளைகளின் தலையிலும் விழும். சாயங்காலம் திரும்பும்போது வண்டி கிழக்கே பார்த்து வரும், சூரியன் மேற்கே இறங்கும், அப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் வெயில். குற்றாலம் ஆனாலும் சரி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் ஆனாலும் சரி, காலையில் போய் மாலையில் வந்தால் இரண்டு நேரமும் வெயிலை வாங்குவது பின்கண்ணாடிதான். மார்கழியில் மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு உச்சிவேளையிலும் இதே கதை. அந்த மாதத்தில் நம் ஊருக்கு உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், வண்டியோ வடக்கே பார்த்து ஓடும். சித்திரையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். அப்போது கூரை தாங்கிக்கொள்ளும் என்று நினைப்போம். ஆனால் செடான் வண்டியின் பின்கண்ணாடி படுத்தவாக்கில் இருப்பதால், அதன் அடியில் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டான பார்சல் ட்ரேயும் ஹெட்ரெஸ்டும் தொட முடியாதபடி சுடும்.

இதற்குக் கருப்பு ஃபிலிம் ஒட்டுவது வழியில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 100ஆம் விதிப்படி முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம். 2012இல் உச்ச நீதிமன்றம் கருப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டதும் இந்த விதியை வைத்துத்தான். ரப்பர் உறிஞ்சியில் ஒட்டும் வலைத்துணி மலிவுதான். ஆனால் ஒட்டினால் ஒட்டியபடியே கிடக்கும். பின்பார்வைக் கண்ணாடியில் எதுவும் தெரியாது, இருட்டியதும் வண்டியை ஓரங்கட்டிப் பின்னால் போய்த்தான் கழற்ற வேண்டும்.

மோட்டார் திரை என்பது பார்சல் ட்ரேமேல் ஒரு பெட்டிக்குள் சுருண்டு கிடந்து, சுவிட்சைத் தட்டினால் மேலே ஏறிப் பின்கண்ணாடியை மறைக்கும் துணி. அதன் பெருமை இந்த இடத்தில்தான். வேண்டாதபோது டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு விரலால் இறக்கிவிடலாம். இறக்க வேண்டிய நேரத்தில் திரை இறங்கியே ஆக வேண்டும். பாதியில் சிக்கி நிற்கிற திரை, திரையே இல்லாததைவிட மோசம். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையையும் இந்த எண்ணத்தோடு செய்யுங்கள். எந்தத் துணி, எந்த நிறம் என்பதெல்லாம் அப்புறம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காரை இந்தத் திரை குளிர வைக்காது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தான் அது தடுக்கிறது, தடுத்த சூட்டில் பெரும்பங்கு காருக்குள்ளேயே தங்கிவிடும். ஆள்மேல் நேராக விழும் வெயிலை நிறுத்தும், ஏசி காற்று பின்சீட்டில் உறைக்க உதவும், குழந்தை சீட்டின் பக்கிள் சுடாமல் காக்கும். அவ்வளவு கிடைத்தால் போதும் என்கிறவர்களுக்கு இது நல்ல முதலீடு.

உங்கள் வண்டிக்குப் பொருந்துமா?

டிசையர், அமேஸ், எட்டியாஸ், சிட்டி, வெர்னா மாதிரி டிக்கி தனியாகவும் பார்சல் ட்ரே அசையாமலும் இருக்கும் செடான் வண்டிகளுக்கே இந்த வழிகாட்டி. ஹேட்ச்பேக்கில் பின்கதவைத் தூக்கினால் ட்ரேயும் கூடவே தூக்கும், அதில் மோட்டாரை வைத்தால் ஒயர் நாள்தோறும் மடங்கி மடங்கி அறுந்துபோகும். இன்னோவா, எர்டிகா மாதிரி வண்டிகளில் ட்ரேயே கிடையாது. அவற்றுக்குக் கையால் இழுக்கும் திரையே நல்லது.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால், கம்பெனி ஒயரை எங்கேயும் வெட்டாமல் செய்ய வேண்டும். அதற்கான வழியும் கீழே வருகிறது.

அளவு எடுப்பது

கடையில் இந்தத் திரைகள் 100, 110, 120 செ.மீ. என்று பல அகலங்களில் கிடைக்கும். டேப்பை எடுத்துப் பின்கண்ணாடியின் அடிப்பகுதியை அளந்து, அதற்குத் தக்க திரை வாங்கிவிடுகிறார்கள். அது சரிப்படாது. பின்கண்ணாடி பெரும்பாலும் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும். திரையோ நேர்ச்செவ்வகம். கீழ் அளவுக்கு வாங்கினால், மேலே ஏறும்போது திரையின் மேல்பட்டை இரண்டு பக்கத் தூண்களிலும் இடிக்கும். ஆகவே திரை எவ்வளவு உயரம் ஏற வேண்டுமோ அந்த உயரத்தில் உள்ள அகலம்தான் உங்கள் அளவு. அதிலும் பக்கத்துக்கு 2 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள். உயரத்தைக் கண்ணாடியின் சரிவோடு சேர்த்து அளக்க வேண்டும், தரையிலிருந்து செங்குத்தாக அல்ல.

அடுத்தது வளைவு. பின்கண்ணாடி நடுவில் வெளியே புடைத்தும் ஓரங்களில் உள்ளே வளைந்தும் இருக்கும். திரை தட்டை. நடுவில் நிறைய இடைவெளி இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, ஓரத்தில் மேல்பட்டை கண்ணாடியை உரசும். அந்தக் கண்ணாடியில்தான் டிஃபாகர் கோடுகள் (கண்ணாடியைச் சூடாக்கிப் பனியை விலக்கும் கோடுகள்) ஓடுகின்றன, சில வண்டிகளில் ரேடியோ ஆன்டெனாவும் அங்கேதான். பட்டை உரசிக் கோடு ஒன்று அறுந்தால், மழைக்காலத்தில் அந்த வரி மட்டும் பனி விலகாமல் நிற்கும்.

இதையெல்லாம் டேப்பால் முழுசாகக் கண்டுபிடிக்க முடியாது. டிவியோ ஃப்ரிட்ஜோ வந்த பழைய அட்டைப்பெட்டியில் திரையின் அளவுக்கு ஒரு அட்டை வெட்டுங்கள். அடியில் திரைப்பெட்டியின் தடிமனுக்கு இன்னொரு அட்டையை மடித்து ஒட்டுங்கள். இதைப் பார்சல் ட்ரேமேல் வைத்துக் கண்ணாடியோடு சாய்த்துப் பாருங்கள். எந்த இடத்திலும் கண்ணாடிக்கும் அட்டைக்கும் 2 செ.மீ. குறையாமல் இருக்க வேண்டும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பின்பார்வைக் கண்ணாடியிலும் ஒருமுறை பாருங்கள். திரை இறங்கிய நிலையிலும் பெட்டி எவ்வளவு மறைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அட்டையை வைத்திருக்கும்போதே மூன்றாவது பிரேக் லைட்டைக் கவனியுங்கள். அது கண்ணாடியின் அடியில், ட்ரேமேல் இருந்தால் திரைப்பெட்டி அதற்கு முன்னால், அதாவது சீட்டுப் பக்கமாக அமைய வேண்டும். கண்ணாடியின் உச்சியில் இருந்தால் திரை அதற்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். பிரேக் லைட்டை மறைக்கிற திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் நான்குவழிச் சாலையில் பின்னால் வருகிற லாரிக்கு முதலில் தெரிவது அந்த விளக்குதான்.

ட்ரேயில் ஸ்பீக்கர், நடுசீட் பெல்ட் சுருள், குழந்தை சீட்டின் மேல்பட்டை மாட்டும் கொக்கி இவையும் இருக்கலாம். ஒன்றையும் மூடக் கூடாது.

வாங்கும்போது

பெட்டிக்குள் திரைப்பெட்டி, அடிப்பிடிகள், மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி, சுவிட்ச், ஒயர்க்கட்டு, திருகுகள் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். திரை கடைசிவரை ஏறியதும் மோட்டார் தானாக நிற்கிறதா? நடுவில் கை சிக்கினால் நிற்குமா, திரும்புமா? ரிவர்ஸ் கியர் போட்டால் தானாக இறங்குவதற்குத் தனி ஒயர் உண்டா? மூன்றாவது இருந்தால் கொஞ்சம் கூட விலை கொடுத்தாலும் தகும். விலை உயர்ந்த கார்களில் கம்பெனியே இந்த வசதியைக் கொடுக்கிறது. ரிமோட் மட்டும் உள்ள திரை வேண்டாம், சுவிட்சும் கட்டாயம் இருக்க வேண்டும். ரிமோட் பேட்டரி தீர்ந்துபோகும், சீட்டிடுக்கில் விழும்.

கிட்டோடு வரும் ஒயர் பெரும்பாலும் மெலிசு. நல்ல செம்பு ஆட்டோ ஒயர், 1 சதுர மி.மீ., 6 மீட்டர் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை தடிமன் எதற்கு? டாஷ்போர்டிலிருந்து ட்ரேவரை ஒயர் ஓடும் தூரம் சுமார் 5 மீட்டர். 1 சதுர மி.மீ. ஒயருக்கு அந்த நீளத்தில் தடை 0.09 ஓம் அளவுக்கு வரும். மோட்டார் 3 ஆம்ப் இழுத்தால் வழியில் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல் குறையும், பரவாயில்லை. பாதித் தடிமன் ஒயர் என்றால் அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். போதாததற்குப் பழைய பேட்டரியும் சேர்ந்தால் திரை முக்கி முக்கி ஏறும்.

இவற்றோடு ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் பெட்டியிலிருந்து புதிய இணைப்பு எடுக்கும் செருகி, ஒட்டும் டேப் அல்ல) ஒன்று, ரிங் லக்குகள் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்), துணி டேப், நெளி ஸ்லீவ், கேபிள் டை. சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் அதன் பசை இளகி, ஆறு மாதத்தில் டேப் தானாகப் பிரிந்து கையில் ஒட்டும். கருவிகளில் 10, 12, 14 நம்பர் ஸ்பேனர் அல்லது சாக்கெட், பிளாஸ்டிக் நெம்புகோல், கிரிம்பிங் பிளையர், டிரில், மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வண்டியைத் தொடும் முன் தரையில் ஓட்டிப் பாருங்கள்

திரையை வீட்டுத் தரையில் துணி விரித்து வையுங்கள். பைக் பேட்டரியோ வேறு 12 வோல்ட் பேட்டரியோ எடுத்து, நடுவில் 5 ஆம்ப் ஃபியூஸ் போட்டு இணைத்து, ஏற்றி இறக்கிப் பாருங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்ப் அளவில் வைத்துத் தொடராக மாட்டினால் ஏறும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று தெரியும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பிற்பாடு ஏதாவது கோளாறு வந்தால் ஒப்பிட அது மட்டும்தான் கையில் இருக்கும். மேல்பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஏறுகிறதா, திரையைத் தூக்கும் கைகள் கிரீச்சிடுகின்றனவா, துணி கோணலாகச் சுருள்கிறதா என்றும் பாருங்கள். கோளாறு இருந்தால் இந்தக் கட்டத்திலேயே கடையில் மாற்றிக்கொள்ளலாம், துளை போட்ட பிறகு மாற்றித் தர மாட்டார்கள்.

மோட்டாரில் மாட்டிய கைகளைக் கையால் தூக்கிப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரம் தேய்ந்துவிடும்.

பின்சீட்டைக் கழற்றுவது

விடியற்காலையில் தொடங்குங்கள், பத்து மணிக்கு மேல் பூட்டிய டிக்கிப் பக்கம் யாரும் நிற்க முடியாது. சாவியை எடுத்துவிட்டு, 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாகத் தள்ளி வையுங்கள். கழற்றியதும் 10 நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் அமைப்பில் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும், அது வடிய வேண்டும். வேலை முழுக்க ஒரு விதியை மறக்கக் கூடாது: மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் ஸ்லீவோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் ஒயர். அதைத் தொடவும் வேண்டாம், அதன்மேல் எதையும் கட்டவும் வேண்டாம்.

பின்சீட்டின் அடிமெத்தை பல வண்டிகளில் முன்விளிம்பைப் பிடித்து மேலே வெடுக்கென்று தூக்கினாலே கிளிப்பை விட்டு வந்துவிடும். சிலவற்றில் போல்ட் இருக்கும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தைக்கு அடியில் தெரியும் வட்ட மூடிக்குக் கீழே இருப்பது பெட்ரோல் டேங்க். அந்தத் தரையில் ஒரு திருகுகூட இறக்கக் கூடாது. முதுகுப்பக்கம் அடியில் 12 அல்லது 14 நம்பர் போல்ட்டுகளில் நிற்கும், கழற்றி மேல்நோக்கித் தூக்கினால் கொக்கி விடும்.

இப்போது பார்சல் ட்ரேயின் முன்விளிம்பு தெரியும். அதன் கிளிப்புகளைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒவ்வொன்றாக எழுப்புங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் உடையும். ட்ரேயை முழுதாக வெளியே எடுக்க வேண்டுமென்றால் பக்கத் தூண்களின் மூடிகளைக் கழற்ற வேண்டிவரும். பக்கக் கண்ணாடிகளை மூடியபடி விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்த ஏர்பேக் தூணோரமாக இறங்கியிருக்கும். ஆகவே முன்விளிம்பை மட்டும் தூக்கிக் கையை உள்ளே விட்டு வேலை செய்வதே நல்லது.

திரைப்பெட்டியைப் பொருத்துவது

கண்ணாடியின் நடுவைக் கண்டுபிடித்து மாஸ்கிங் டேப்பில் கோடு போடுங்கள். திரைப்பெட்டியின் நடுவையும் குறியுங்கள். இரண்டும் சேர்ந்த பிறகு இரு ஓரங்களிலும் தூண்வரை அளந்து பாருங்கள், இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 5 மி.மீ. கோணல்கூட மேலே ஏறியதும் பளிச்சென்று தெரியும்.

டபுள் சைடு டேப் மட்டும் போதும் என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்தப் பெட்டி பின்சீட்டில் இருப்பவர்களின் தலைக்கு நேர் பின்னால் இருக்கிறது. வண்டி எங்கேயாவது மோதினால் அந்த எடை முன்னால் பாயும். ட்ரே அட்டையில் மட்டும் இறக்கிய திருகும் நிற்காது. ட்ரேக்கு அடியில் உள்ள இரும்புத் தகடு வரைக்கும் போல்ட் போக வேண்டும்.

அதற்காகத் தகட்டில் துளை போட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. டிக்கிக்குள் படுத்து, டார்ச் அடித்து மேலே பாருங்கள். தகட்டில் எடை குறைக்கவும் ஸ்பீக்கருக்காகவும் விட்ட பெரிய துளைகள் ஏற்கெனவே இருக்கும். திரையின் அடிப்பிடி அந்தத் துளைகளுக்கு நேராக வந்தால், 5 மி.மீ. போல்ட்டை மேலிருந்து இறக்கி, அடியில் துளையைவிடப் பெரிய இரும்புப் பட்டை ஒன்று வைத்து, ஸ்பிரிங் வாஷரும் நைலான் நட்டும் போட்டு முடுக்கலாம். ட்ரேயின் அட்டையில் மட்டும் துளை, வண்டியின் தகட்டில் ஒரு கீறல் இல்லை. முடிந்தால் இந்த வழியிலேயே செய்யுங்கள்.

முடியாவிட்டால் துளைதான். முதலில் டிக்கிப் பக்கம் அந்த இடத்தில் ஒயர்க்கட்டு, ஸ்பீக்கர் காந்தம், டிக்கி மூடியின் முறுக்குக் கம்பி எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். டிரில் பிட்டில் 1 செ.மீ. விட்டு டேப் சுற்றுங்கள், அதற்குமேல் இறங்க விடாமல் நிறுத்த அது அடையாளம். சென்டர் பஞ்ச் கருவியால் ஒரு குழி தட்டி, 3 மி.மீ. பிட்டால் வழி போட்டு, அப்புறம் பெரிதாக்குங்கள். வீட்டில் தம்பியோ மகனோ இருந்தால் டிக்கிக்கு வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். "அண்ணே, நிறுத்துங்க, பிட்டு வந்துட்டு" என்று அவர்கள் குரல் கொடுத்ததும் விரலை எடுத்துவிடலாம். அவர்கள் கை மட்டும் உள்ளே இருக்கக் கூடாது.

துளை போட்டதோடு வேலை முடிவதில்லை. ஓரத்தின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, இரும்புத் துகளை ஒன்றுவிடாமல் காந்தத்தால் பொறுக்கி, துளையின் உள்விளிம்பில் பிரைமரும் அதன்மேல் பெயின்டும் தொட்டு, காய்ந்த பிறகே போல்ட் போட வேண்டும். உவரி, கூடங்குளம், இடிந்தகரைப் பக்கம் இருப்பவர்கள் இதை இரண்டு பூச்சாகச் செய்யுங்கள். உப்புக்காற்றுக்குத் திறந்த இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது.

அடிப்பிடிக்கும் ட்ரேக்கும் நடுவில் மெல்லிய ஃபெல்ட் துணி வைத்தால் கடகடப்பு வராது.

ஒயர் போகும் வழி

டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பெட்டிதான் தொடக்கம். பேட்டரியிலிருந்து நேராக எடுக்காதீர்கள். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் நிறுத்திய வண்டியில் பிள்ளைகள் சுவிட்சைத் தட்டி விளையாடவும் முடியாது, பேட்டரியும் இறங்காது. 12 வோல்ட் சார்ஜர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் இதற்குத் தோதானது. நெகட்டிவைத் தற்காலிகமாக மாட்டி, சாவியைப் போட்டும் எடுத்தும் மல்டிமீட்டரால் சோதித்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடியும் கழற்றிவிடுங்கள்.

இங்கேதான் ஃபியூஸ் டேப் வேண்டும். பழைய ஃபியூஸைப் பிடுங்கி, அந்த இடத்தில் டேப்பைச் செருகி, பழையதை ஒரு பள்ளத்திலும் புதியதை மற்றதிலும் மாட்டுகிறோம். கம்பெனி ஒயரை எங்கும் வெட்டவில்லை. ஆனால் டேப்பைத் திருப்பிச் செருகினால் நம் மோட்டாரின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும். சரியான பக்கம் எது என்று கண்டுபிடிப்பது எளிது. டேப்பில் ஃபியூஸ் எதுவும் இல்லாமல் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வையுங்கள். இரண்டு கால்களில் எந்தக் கால் இரண்டு பள்ளங்களோடும் தொடர்பில் இருக்கிறதோ, அந்தக் கால்தான் கரண்ட் வரும் பக்கத்தில் இறங்க வேண்டும். ஃபியூஸைப் பிடுங்கிய பள்ளத்தின் இரண்டு முனைகளில் எது கரண்ட் வரும் பக்கம் என்பதை, நெகட்டிவைத் தற்காலிகமாக மாட்டியிருக்கும்போதே சாவி போட்டுப் பார்த்துவிடலாம். ஃபியூஸில் மினி, குட்டை மினி, பெரியது என்று வகை உண்டு, உங்கள் பெட்டிக்கு உள்ள வகையிலேயே டேப் வாங்குங்கள்.

புதிய ஃபியூஸ் எத்தனை ஆம்ப்? கிட்டின் காகிதத்தில் போட்டிருப்பதை வையுங்கள். போடவில்லை என்றால், தரையில் ஓட்டியபோது குறித்த எண்ணுக்கு அடுத்தாற்போல் கொஞ்சம் இடம் விட்டு 5 அல்லது 7.5 ஆம்ப். "ஃபியூஸ் அடிக்கடி போகுது" என்று 20 ஆம்ப் மஞ்சள் ஃபியூஸைச் செருகுவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. ஃபியூஸ் காப்பது ஒயரை. மோட்டார் சிக்கி நின்றால் கரண்ட் ஏறும், ஃபியூஸ் போகாவிட்டால் கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒயர் சூடாகும், அதன்மேல்தான் நம் பிள்ளைகள் கால் வைத்திருக்கிறார்கள்.

ஒயரை நெளி ஸ்லீவுக்குள் விட்டு, கதவோரப் படி மூடிக்கு அடியில் கம்பெனி ஒயர்க்கட்டோடு சேர்த்துப் பின்னால் கொண்டுபோங்கள். படி மூடி மேல்நோக்கி இழுத்தால் கிளிப்பை விட்டு வரும். சீட் பெல்ட் சுருள், சீட் நகரும் தண்டவாளம் இரண்டையும் விட்டு விலகியே போக வேண்டும். தகட்டுத் துளை வழியாக ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். மோட்டார் பக்கம் ஒரு கை நீளம் உபரி விட்டுச் சுருட்டிக் கட்டுங்கள், நாளைக்கு ட்ரேயைத் தூக்க வேண்டுமானால் உதவும்.

எர்த்துக்குப் புதிதாகத் துளை வேண்டாம். பின்சீட்டுக்குப் பின்னாலோ டிக்கியிலோ கம்பெனியே எர்த் போட்ட போல்ட் ஒன்று இருக்கும். அதில் ரிங் லக் போட்டு முடுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாமல், கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது.

சுவிட்சும் ரிவர்ஸும்

டிரைவரின் வலதுகைப் பக்கம் டாஷ்போர்டில் காலியாக மூடிய சுவிட்ச் இடங்கள் இருக்கும். ஒன்றைத் திறந்து அதில் வையுங்கள். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கை போகும் இடமாக இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வரும் கிட் என்றால் சுவிட்ச் ஒயரைச் செருகினால் முடிந்தது. பெட்டி இல்லாமல் வெறும் மோட்டார் வந்திருந்தால், ஆறு கால் உள்ள, கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பும் சுவிட்ச் வேண்டும். நடு இரண்டு கால்கள் மோட்டாருக்கு. மேல் இரண்டில் இடது பாசிட்டிவ், வலது நெகட்டிவ். கீழ் இரண்டில் அதை மாற்றி, இடது நெகட்டிவ், வலது பாசிட்டிவ். மேலே அழுத்தினால் ஒரு திசை, கீழே அழுத்தினால் எதிர்த்திசை. திசை தலைகீழாக இருந்தால் நடுக்கால்களின் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

ரிவர்ஸ் ஒயர் இருந்தால் டிக்கியில் ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவோடு சேர வேண்டும். எது என்று மல்டிமீட்டரில் பாருங்கள்: பேட்டரியை மாட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டு, ரிவர்ஸ் கியரில் வைத்தால் அந்த ஒயரில் 12 வோல்ட் வரும். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்பு இங்கே வேண்டாம், டிக்கி ஈரத்தில் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். லைட் கனெக்டருக்கு நடுவில் செருகும் தனி இணைப்பு கிடைத்தால் அதுவே சிறந்தது. நடுவில் ரிலே வைக்கிறவர்கள் காயிலின் இரு முனைக்கும் குறுக்கே 1என் 4007 டயோடு ஒன்று போடுங்கள், வெள்ளைக் கோடு உள்ள பக்கம் பாசிட்டிவுக்கு. ரிலே விடும்போது திடீரென்று எழும் வோல்டேஜ் வண்டியின் எலக்ட்ரானிக்ஸுக்குப் போகாது.

மூடுவதற்கு முன் சோதனை

சீட்டை மாட்டும் முன்பே எல்லாவற்றையும் பாருங்கள். நெகட்டிவை மாட்டி, சாவி போட்டு, திரையை ஏற்றி இறக்குங்கள். ஓடும்போதே மோட்டார் முனையில் வோல்டேஜ் பார்த்து, பேட்டரியின் வோல்டேஜோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு இணைப்பு தளர்வு, பெரும்பாலும் எர்த்தில்.

திரை ஏறும் வழியில் சுருட்டிய துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். நிற்கிறதா, திரும்புகிறதா, இல்லை துண்டையே நெரிக்கிறதா? நெரித்தால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், பிள்ளைகள் ட்ரேமேல் கை வைத்திருக்கும்போது சுவிட்சைத் தொடக் கூடாது. விரலை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

பிறகு மூன்றாவது பிரேக் லைட், டிஃபாகர், பின் ஸ்பீக்கர்கள், ரிவர்ஸ் கேமரா, மூன்று சீட் பெல்ட்டும் சரளமாக இழுபடுவது, இவை அத்தனையும். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் வண்டியை அப்படியே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள், நீங்களே கிண்ட வேண்டாம்.

கடைசியாக, சாவி எடுத்த நிலையில் பேட்டரி இறங்குகிறதா என்ற சோதனை. நெகட்டிவ் டெர்மினலுக்கும் ஒயருக்கும் நடுவில் மல்டிமீட்டரைத் தொடராக மாட்டி, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்புக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டர் போய்விடும்.

பேட்டரி கழற்றியதால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிருக்கும், சில வண்டிகளில் ஒரே அழுத்தில் ஏறும் கண்ணாடியும் வேலை செய்யாது. கண்ணாடியை முழுதாக இறக்கி, முழுதாக ஏற்றி, சுவிட்சைச் சில நொடி பிடித்திருந்தால் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும்.

ஓட்டத் தொடங்கிய பிறகு

வெயில் பின்னால் இருக்கும்போது ஏற்றுங்கள். இருட்டியதும், மழையிலும், டவுன் ரதவீதி நெரிசலிலும் இறக்கிவிடுங்கள். போலீஸ் சோதனையில் நிறுத்தினால் கேட்கும் முன்பே இறக்கிக் காட்டுங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் போல்ட்டுகளை மறுபடி முடுக்கிப் பாருங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று செம்மண் புழுதியைக் காருக்குள் கொண்டுவந்து கொட்டும். புழுதி படிந்த திரையைச் சுருட்டினால் துணியும் உருளையும் ஒன்றையொன்று அரம் போல் தேய்க்கும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை திரையை முழுதாக ஏற்றி, உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு இறக்குங்கள். கைகளின் மூட்டில் எண்ணெய் விடாதீர்கள், புழுதி ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் தெளித்து ஒரு துடைப்பு துடைத்தால் போதும்.

உபரி ஃபியூஸ் இரண்டை ஃபியூஸ் பெட்டி மூடிக்குள் ஒட்டி வையுங்கள். ஒயர் எந்த வழியாகப் போகிறது, எந்த ஃபியூஸிலிருந்து எடுத்தோம், எர்த் எந்த போல்ட், மோட்டார் எத்தனை ஆம்ப் இழுத்தது என்று ஒரு தாளில் வரைந்து, வண்டி மேனுவலுக்குள் மடித்து வைத்துவிடுங்கள். நாளைக்கு வேறு வேலைக்காக வண்டியைத் திறக்கும் எலக்ட்ரீஷியனிடம் அந்தத் தாளைக் கொடுத்தால், நம் ஒயரைத் தேடி அவர் வேறொன்றை அறுக்க மாட்டார்.